எப்போது திணறவில்லை?

விவேக் நகரில் கார் ஓட்டுகிறவரின் இடது கால் பெரும்பாலும் கிளட்சிலேயே இருக்கும். ஆஸ்டின் டவுன் பக்கமிருந்து வந்தாலும், நீலசந்திரா வழியாக நுழைந்தாலும், ஈஜிபுராவிலிருந்து ஏறினாலும் முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடி முதல் கியர் என்றுதான் ஊர முடியும். வியாழக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். குழந்தை இயேசு கோயிலுக்கு பெங்களூரின் எல்லா மூலையிலிருந்தும் ஜனம் வரும். மெழுகுவத்திக் கடைகளும் பூக்கடைகளும் தெருவோரத்தை எடுத்துக்கொள்ள, தமிழ்ப் பூசை முடிந்து வருகிறவர்களும் அடுத்த பூசைக்குப் போகிறவர்களும் வண்டிகளுக்கு நடுவே புகுந்து நடப்பார்கள். வேகமாகப் போகும்போது மட்டும் தொல்லை தருகிற வண்டியை இங்கே வருஷக்கணக்கில் வைத்து ஓட்டிவிடலாம். மெதுவாகப் போகும்போது திணறுகிற வண்டியை ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது.

எங்களிடம் இருந்தது இரண்டாவது வகை. 1997 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. என் மாமனார் வேலூரில் வைத்திருந்து, பார்வை மங்கத் தொடங்கியதும் 2004-இல் எங்களிடம் கொடுத்தார். 1983 டிசம்பரில் முதல் மாருதியின் சாவி டெல்லியில் கைமாறிய நாளிலிருந்து, ஸ்கூட்டரில் மனைவி குழந்தையோடு மழையில் நனைந்துகொண்டிருந்த லட்சக்கணக்கான குடும்பங்களைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்த வண்டி அது. 796 சிசி, மூன்று சிலிண்டர். மாமனார் அதை ஒரு பிள்ளையைப் போலத்தான் வைத்திருந்தார். டேஷ்போர்டுக்குள் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் ஆயில் மாற்றினார், எந்த பங்கில் பெட்ரோல் போட்டார் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்த வண்டி என் கையில் கெட்டுப்போனது என்று அவர் காதுக்கு எட்டக்கூடாது என்ற தவிப்பு எனக்கு இருந்தது.

பெங்களூருக்கு வந்த முதல் கோடைக்குப் பிறகு திணறல் தொடங்கியது. இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை லேசாக வைத்துப் போனால் வண்டி முன்னும் பின்னும் உதறும். மெக்கானிக்குகள் ‘ஜெர்க் அடிக்குது’ என்பார்களே, அதேதான். சிக்னலில் நின்றால் ஐடிலிங் இறங்கிக்கொண்டே போய் எஞ்சின் ஆஃப் ஆகிவிடும். பின்னால் ஹாரன் அலறும். ஆட்டோக்காரர் கன்னடத்தில் ஏதோ கேட்டுவிட்டுப் போவார். மாருதியின் எஞ்சின் ஐடிலிங்கில் நிமிஷத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால், மூன்று சிலிண்டரும் சேர்ந்து ஒரு நொடிக்கு இருபது முறை பெட்ரோலை எரிக்கின்றன. அந்த இருபதில் இரண்டு மூன்று தவறினாலே ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கும் கையில் தெரியும். நான்கு சிலிண்டர் வண்டியில் ஒன்று மிஸ் அடித்தால் கால் பங்குதான் போகும். மூன்று சிலிண்டரில் போவது மூன்றில் ஒரு பங்கு. அதனால்தான் அந்தச் சின்ன வண்டி அவ்வளவு பெரிதாக உதறியது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பெட்ரோலில் கலப்படம், பிளக் போய்விட்டது, எச்.டி. ஒயரில் லீக், பெட்ரோல் பம்ப் வீக் என்று ஒவ்வொன்றாக வந்தது. பிளக் மாற்றப்பட்டது. ஒயர் செட் மாற்றப்பட்டது. பெட்ரோல் ஃபில்டரும் பம்பும் மாற்றப்பட்டன. ஒவ்வொரு முறையும் வண்டி நன்றாக இருப்பதுபோல் தோன்றும். ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து ஒரு ரவுண்டு அடிப்பார்கள், நானும் பணம் கொடுத்துவிட்டு வருவேன், கோயில் தெருவுக்குள் நுழைந்ததும் பழையபடி உதறும். கடைசியாகப் போன ஓர் இடத்தில் எஞ்சினையே இறக்க வேண்டும் என்றார்கள். வண்டியின் விலைக்குப் பக்கத்தில் வருகிற ஒரு தொகையைத் தாளில் எழுதி நீட்டினார்கள்.

அந்தத் தாளோடு நான் போய் நின்றது எங்கள் தெருவிலேயே இருந்த ஒரு பெரியவரிடம். மைகோவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். விவேக் நகரிலும் ஆஸ்டின் டவுனிலும் மைகோவைத் தெரியாத தமிழ்க் குடும்பம் கிடையாது. 1951-இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனிதான் மைகோ. எங்கள் வீட்டிலிருந்து ஆடுகோடி தொழிற்சாலை கூப்பிடு தூரம். 2008-இல் அதன் பெயர் போஷ் என்று மாறிய பிறகும் ஊர்க்காரர்கள் மைகோ என்றேதான் சொல்கிறார்கள். இந்தியாவில் ஓடிய எத்தனையோ வண்டிகளின் ஸ்பார்க் பிளக்கில் அந்தப் பெயர் இருந்தது. பெரியவர் தாளைப் பார்த்தார். கழற்றிப்போட்ட பழைய பிளக்குகள் இருக்கின்றனவா என்று கேட்டார். டிக்கியில் இருந்தன. எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றின் மூக்கையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பிளக்குல ஒரு குறையும் இல்லப்பா. இது வெள்ளையா வெந்திருக்கு பாரு. நல்லா எரியிற எஞ்சின்ல பிளக் பிஸ்கட் கலர்ல இருக்கும். பெட்ரோல் கூடினா கரி பிடிக்கும். இது வெளுத்திருக்குன்னா காத்து கூடிப்போச்சுன்னு அர்த்தம். எஞ்சினை இறக்குறதுக்கு முன்னாடி ஈஜிபுராவுல ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட காட்டு.”

ஈஜிபுராவில் நேஷனல் கேம்ஸ் வில்லேஜுக்குப் போகும் வழியில், ஒரு புங்க மரத்தடியில் இருந்தது அந்த ஷெட். 1997-இல் பெங்களூரில் தேசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது வீரர்கள் தங்கக் கட்டிய அடுக்குமாடிகள்தான் கேம்ஸ் வில்லேஜ். அந்த உயர்ந்த கட்டடங்களின் நிழல் விழும் தூரத்தில் தகரக் கூரை, மண் தரை, சுவரில் ஆணி அடித்து மாட்டிய ஸ்பேனர்கள். ஷெட்காரர் திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் பெங்களூருக்கு வந்து, வில்சன் கார்டனில் ஒரு ஷெட்டில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து தொழில் கற்றவர். என்னிடம் தமிழில் பேசுவார், பக்கத்துக் கடைக்காரரிடம் கன்னடத்தில், சிவாஜி நகர் குஜரி மார்க்கெட்டிலிருந்து பழைய சாமான் கொண்டுவருகிறவரிடம் உருதுவில். மூன்று மொழியிலும் குறைவாகத்தான் பேசுவார்.

நான் வண்டியின் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். எங்கெல்லாம் திணறியது, எப்போதெல்லாம் ஆஃப் ஆனது என்று அடுக்கினேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டவர், நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அதெல்லாம் சரி தம்பி. எப்பத் திணறல?”

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

“கொஞ்ச நாள் ஓட்டுங்க. நல்லா ஓடுற நேரத்தை மட்டும் எழுதிட்டு வாங்க. கோளாறு எங்க இருக்குன்னு வண்டி சொல்லாது. எங்க இல்லைன்னு சொல்லிடும்.”

பானட்டைக்கூடத் திறக்காமல் அனுப்பிவிட்டார்.

மாமனாரின் நோட்டிலேயே எழுதினேன். காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்தால் வண்டி திணறவில்லை. சோக்கை உள்ளே தள்ளி, எஞ்சின் சூடேறிய பிறகுதான் திணறுகிறது. ஓசூர் ரோட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல் டாப் கியரில் அறுபதில் போனால் தங்கம்போல் ஓடுகிறது. மேட்டில் ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் இழுவை குறையவில்லை. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஒரே மாதிரிதான். டேங்க் நிறைய இருந்தாலும் ரிசர்வில் ஓடினாலும் வித்தியாசம் இல்லை.

அந்தப் பக்கத்தை ஷெட்காரர் வாசித்த விதம் இன்றும் கண்ணில் நிற்கிறது. கரிபடிந்த விரலால் தாளைத் தொடாமல், ஒரு அங்குலம் மேலே விரலை நகர்த்தி, வரிக்கு வரி நின்று நின்று போனார். ஒவ்வொரு வரியிலும் ஒரு சந்தேகத்தைத் தள்ளுபடி செய்தார். அறுபதில் நன்றாக ஓடுகிறதென்றால் பெட்ரோல் போதுமான அளவு வந்துகொண்டிருக்கிறது. ஆகவே பம்பும் ஃபில்டரும் குற்றவாளி இல்லை. மேட்டில் முழு இழுவை இருக்கிறதென்றால் கம்ப்ரஷன் இருக்கிறது. ஆகவே எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. முழு லோடில் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம். அந்த அழுத்தத்தில் பொறி தாவுவது கஷ்டம். அங்கே மிஸ் அடிக்கவில்லை என்றால் காயிலும் ஒயரும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. மழையில் மோசமாகவில்லை என்பதும் அதற்குத்தான் சாட்சி. ஈரம் பட்டால் முதலில் காட்டிக்கொடுப்பது டெல்கோ என்று சொல்லும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியும் ஒயர்களும்தான். கடைசியாக விரலை முதல் வரிக்குக் கொண்டுபோனார்.

“சோக் இழுத்தா நல்லா இருக்குல்ல? அதுதான் விஷயம்.”

சோக் என்பது கார்புரேட்டரின் வாயில் இருக்கும் ஒரு தகட்டுக் கதவு. அதை மூடினால் காற்று குறைந்து, பெட்ரோலின் பங்கு கூடும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் காற்று. காற்று அளவுக்கு மிஞ்சினால் பொறி விழுந்தாலும் நெருப்பு பரவாமல் அணைந்துவிடும். அதைத்தான் மெக்கானிக்குகள் மிக்சர் லீன் என்கிறார்கள். பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்தால் திணறல் நிற்கிறதென்றால், குறை அங்கேதான். எஞ்சினை ஸ்டார்ட் செய்து சூடேற விட்டார். அது தடுமாறத் தொடங்கியதும் என்னையே சோக்கை அரை அங்குலம் இழுக்கச் சொன்னார். இழுத்தேன். சத்தம் நிமிர்ந்தது. தள்ளினேன். மறுபடி உதறியது. இன்னொரு முறை இழுக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. “அண்ணா, வண்டி வேலூர்ல ஓடினது. இங்க உயரம் அதிகம். அதனால இருக்குமோ?” வேலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரம், பெங்களூர் சுமார் 900 மீட்டர். இங்கே காற்றின் அடர்த்தி ஆறேழு சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. அது பழைய கணக்கிலேயே பெட்ரோலை விடும்.

“உயரத்துக்கு வந்தா காத்துதானே குறையும்? பெட்ரோல் கூடிப்போய் பிளக் கறுத்திருக்கணும். உங்க பிளக் வெளுத்திருக்கு. அதனால அது இல்லை” என்றார்.

நான் வாசித்து வைத்திருந்த ஓர் உண்மையை அவர் மறுக்கவில்லை. அதை இந்த வண்டியின் மேல் வைத்துப் பார்த்து, பொருந்தவில்லை என்று எடுத்துவிட்டார். கற்றவர்களிடம்கூட நான் அபூர்வமாகப் பார்த்த ஒழுக்கம் அது.

இனி இரண்டே வழி. ஒன்று, பெட்ரோல் குறைவாக வருகிறது. அல்லது, வரக்கூடாத காற்று எங்கிருந்தோ உள்ளே வருகிறது. முதலில் பெட்ரோலைப் பார்த்தார். கார்புரேட்டரில் பெட்ரோலுக்கு இரண்டு பாதை உண்டு. வேகமாகப் போகும்போது மெயின் ஜெட். ஐடிலிங்கிலும் மெதுவாகப் போகும்போதும் ஸ்லோ ஜெட். ஸ்லோ ஜெட்டின் துளை தலைமுடி நுழையும் அளவுதான். டேங்கின் அடியில் தங்கும் துருத் துகள் ஒன்று வந்து உட்கார்ந்தால் போதும், மெதுவாகப் போகும் வண்டி பட்டினி கிடக்கும். வேகமாகப் போகும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. அதனால் இத்தகைய திணறலில் எல்லா மெக்கானிக்குக்கும் முதல் சந்தேகம் ஸ்லோ ஜெட்தான்.

கார்புரேட்டரைக் கழற்றி ஒரு தட்டில் வைத்தார். மாருதி 800-க்கு வந்த கார்புரேட்டர்கள் ஜப்பானின் மிகுனியோடு கூட்டுச் சேர்ந்து யூகால் கம்பெனி செய்தவை. சென்னைக்குப் பக்கத்தில், மறைமலை நகரில் அவர்களுடைய தொழிற்சாலை இருந்தது. பித்தளை ஜெட்டை நுனி விரலால் எடுத்து, புங்க மரத்து இலைகளுக்கு நடுவே தெரிந்த வானத்துக்கு நேரே பிடித்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். துளைக்குள் ஊசி முனை அளவு வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது. வட்டம் முழுசாக இருந்தால் ஜெட் சுத்தம். ஓரத்தில் ஒரு பிறை மறைந்திருந்தால் அடைப்பு. எங்களுடையது முழு வட்டம். இருந்தாலும் கம்ப்ரஸர் காற்று அடித்தார். கம்பி போட்டுக் குத்தப்போன எடுபிடிப் பையனின் கையைப் பிடித்து நிறுத்தினார். “கம்பி போட்டா துளை பெருசாகும். அப்புறம் காலத்துக்கும் மைலேஜ் வராது. காத்து மட்டும்தான்” என்றார். அந்தப் பையன் தலையாட்டினான். இப்படித்தான் அந்தத் தொழில் கை மாறுகிறது.

மறுபடி பூட்டி ஸ்டார்ட் செய்தார். திணறல் குறையவில்லை. ஆகவே மிஞ்சியது இரண்டாவது வழி, வரக்கூடாத காற்று.

அதற்கு அவர் எடுத்த கருவி ஒரு முழ நீள ரப்பர் குழாய். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறு முனையை ஓடுகிற எஞ்சின் மேல் இன்ச் இன்ச்சாக நகர்த்தினார். டெல்கோவுக்குப் போகும் வேக்குவம் குழாயை முதலில் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடத்திலும் இல்லை. கார்புரேட்டரின் அடிப்பாகத்துக்கு வந்ததும் கை நின்றது. குழாயை என்னிடம் கொடுத்தார். எஞ்சின் சத்தத்துக்கு அடியில், மெல்லிய ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓர் உறிஞ்சல் கேட்டது. இத்தனை மாதமாக அந்த வண்டிக்குள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது. எஞ்சின் இரைச்சலில் எங்களில் யாருக்கும் கேட்காமல் போயிருந்தது.

அதோடு அவர் விடவில்லை. ஒரு பழைய பிரஷ்ஷில் எஞ்சின் ஆயிலைத் தொட்டு, அந்த இணைப்பைச் சுற்றி மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். சூடான எஞ்சினில் பெட்ரோல் தெளித்துப் பார்க்கிற வழக்கமும் உண்டு. அது தீப்பிடிக்கிற வேலை, ஆயில்தான் பத்திரம் என்றார். பின்பக்கத்து மூலையில் பிரஷ் பட்டதும், உதறிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று சீராக ஓடியது. சந்தில் புகுந்த ஆயில் கொஞ்ச நேரத்துக்கு ஓட்டையை அடைத்துவிட்டது. ஆயில் உறிஞ்சப்பட்டதும் மறுபடி உதறல். மறுபடி தடவினார். மறுபடி சீரானது. சந்தேகம் அந்த நொடியில் தீர்ந்தது.

கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே, எஞ்சின் சூடு மேலே ஏறாமல் தடுக்க ஒரு கறுப்புத் துண்டு இருக்கும். இன்சுலேட்டர் என்பார்கள். வருஷக்கணக்கான சூட்டில் அது லேசாக வளைந்திருந்தது. எஞ்சின் சூடேறச் சூடேற அந்த வளைவு கூடி, ஒரு மூலையில் சந்து திறந்தது. காலையில் நன்றாக இருந்து சூடான பிறகு திணறியதற்கு அதுவும் ஒரு காரணம். முழு வளைவும் ஒரு தாளின் கனம்தான் இருக்கும்.

ஒரு தாள் கனச் சந்து அறுபதில் ஏன் தெரியவில்லை, பத்தில் ஏன் வண்டியையே நிறுத்தியது? ஒரு கைப்பிடி உப்பைக் கல்யாணச் சமையலின் அண்டா ரசத்தில் போட்டால் யாருக்கும் தெரியாது. வீட்டு ஈயச் சொம்பில் போட்டால் வாயில் வைக்க முடியாது. எஞ்சினிலும் அதே கணக்குதான். வேகமாகப் போகும்போது எஞ்சின் அண்டா அண்டாவாகக் காற்றை இழுக்கிறது. சந்து வழியே வருவது அதில் சொற்பம். ஐடிலிங்கில் திராட்டில் என்கிற கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். முறையாக வரும் காற்றே கொஞ்சம்தான். மூடிய வாசலுக்குப் பின்னால் எஞ்சின் உறிஞ்சும் இழுப்போ அப்போதுதான் மிக அதிகம். ஆகவே அந்தச் சந்து எவ்வளவு காற்றை விட முடியுமோ அவ்வளவும் உள்ளே பாய்ந்து, மிக்சரைக் கெடுத்துவிடும்.

ரிப்பேர் எளிமையானது. ஜன்னலுக்குப் போடுகிற கண்ணாடித் துண்டு ஒன்றைத் தரையில் வைத்தார். அதன்மேல் உப்புத்தாளைப் பரப்பி, இன்சுலேட்டரைக் கவிழ்த்து, எட்டு எழுதுவதுபோல் தேய்த்தார். கண்ணாடி மட்டமாக இருப்பதால் தேய்ப்பும் மட்டமாக வரும். கொஞ்சம் தேய்த்துவிட்டுப் பார்த்தபோது நடுவில் மட்டும் பளபளப்பு மாறியிருந்தது, மூலைகள் அப்படியே இருந்தன. முழுப் பரப்பும் ஒரே நிறமாகும் வரை தேய்த்தார். ஜே.சி. ரோட்டிலிருந்து நான் வாங்கி வந்த புது பேக்கிங் இரண்டை மேலும் கீழும் வைத்துப் பூட்டினார். ஒரு நட்டை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகவில்லை. ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி முறுக்கினார். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் திரும்பவும் வளையும் என்று பையனுக்குச் சொல்லிக்கொண்டே செய்தார்.

கடைசியாக ட்யூனிங். மிக்சர் ஸ்க்ரூவை உள்ளே திருகினார், எஞ்சின் தளர்ந்தது. வெளியே திருகினார், கனத்துத் தளர்ந்தது. இரண்டு தளர்ச்சிக்கும் நடுவே எஞ்சின் தானாக நிமிர்ந்து நிற்கும் இடத்தைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் தேடிக் கண்டுபிடித்தார். பேட்டரியின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார். தண்ணீரின் மேல் மெல்லிய வளையங்கள் மட்டும் ஓடின. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

நான் சாவியை வாங்கிக்கொண்டு, ரிங் ரோட்டில் ஒரு ரவுண்டு போய் வருகிறேன் என்றேன்.

“ரிங் ரோட்டுல இந்த வண்டி எப்பவும் நல்லாத்தானே ஓடுச்சு? அங்க போய் என்ன பாப்பீங்க? வியாழக்கிழமை சாயங்காலம் கோயில் தெருவுல ஓட்டிப் பாருங்க. அதுக்கப்புறம் காசு கொடுங்க.”

வியாழக்கிழமை சாயங்காலம் வேண்டுமென்றே அந்தத் தெருவுக்குள் வண்டியை விட்டேன். முன்னால் ஒரு பஸ், பக்கத்தில் ஆட்டோக்கள், இடையில் கையில் மெழுகுவத்தியோடு குழந்தைகளை இழுத்துக்கொண்டு போகும் தாய்மார்கள். முதல் கியரில் கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் விட்டேன். வண்டி ஒரு உதறலும் இல்லாமல் ஜனத்தோடு ஜனமாக நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, “அப்பாவுக்கு போன் பண்ணலாமா?” என்றாள். பண்ணினோம். மாமனார் முதலில் கேட்டது, “நோட்டுல எழுதினீங்களா?” என்பதுதான்.

ஷெட்காரர் கேட்ட கூலி, அதற்கு முன்பு மாற்றப்பட்ட ஒரு பம்பின் விலைக்குக்கூட ஈடில்லை. நான் கூடுதலாக நீட்டியதில் பையனுக்கு மட்டும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பிறகு கார்புரேட்டர் வண்டிகளின் காலம் முடிந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாருதி 800-க்கே இன்ஜெக்ஷன் எஞ்சின் வந்துவிட்டது. 2010 ஏப்ரலில் பெரு நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 வந்தபோது பெங்களூரில் அதன் விற்பனை நின்றது. 2014 ஜனவரியோடு உற்பத்தியும் நின்றது. நாங்களும் இன்ஜெக்ஷன் வண்டிக்கு மாறினோம். சில வருஷங்களில் அதுவும் ஒரு நாள் மெதுவாகப் போகும்போது உதறத் தொடங்கியது. ஈஜிபுராவில் 2017-இல் தொடங்கிய மேம்பாலம் தூண்களாக மட்டுமே நின்றுகொண்டிருந்த காலம். அந்தத் தூண்களுக்கு நடுவே ஊர்ந்து போவதுதான் எங்கள் அன்றாடம்.

ஷெட்காரர் அதற்குள் ஊருக்குத் திரும்பிவிட்டார். அன்று கம்பியோடு வந்து திட்டு வாங்கிய பையன்தான் இப்போது ஷெட்டை நடத்துகிறார். ஸ்டீரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினார். திரையில் பி0300 என்று வந்தது. ஏதோ சில சிலிண்டர்களில் மிஸ் அடிக்கிறது என்பதற்கு மேல் அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, காற்றா என்பதை அது சொல்லாது. அந்த எண்ணை மட்டும் பார்த்து காயில் முழு செட்டையும் மாற்றச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். இவர் ஸ்கேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“சார், எப்பத் திணறல?”

நான் எழுதியே கொண்டு போயிருந்தேன். ஹைவேயில் திணறவில்லை, மேட்டில் திணறவில்லை, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் போதும், திணறல் நின்றுவிடுகிறது. ஆக்சிலேட்டரை முழுசாக விட்ட நிலையில் மட்டும்தான் தொல்லை. அவர் திராட்டில் பாடியைக் கழற்றினார். தகட்டின் ஓரத்தில் கரி வளையமாகப் படிந்து, ஐடிலிங்குக்கு வேண்டிய காற்றை அடைத்திருந்தது. இந்த முறை காற்று கூடவில்லை, குறைந்திருந்தது. கிளீனரில் துடைத்து, ஐடில் அளவைக் கம்ப்யூட்டர் மறுபடி கற்றுக்கொள்ள விட்டார். வண்டி சரியாகிவிட்டது. ஒரு பாகமும் மாற்றவில்லை.

இப்போது இன்னொரு மாற்றம் வந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பிரதமர் அறிமுகப்படுத்தியது பெங்களூரில்தான். எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. பழைய வண்டிகளின் சிலவகை ரப்பர் குழாய்களையும் சீல்களையும் அது உப்பவும் வெடிக்கவும் வைக்கும். அதே அளவு சாதாரணப் பெட்ரோலுக்கு வேண்டியதைவிட இதற்கு வேண்டிய காற்றும் குறைவு. ஆகவே பழைய கார்புரேட்டருக்கு இந்தப் பெட்ரோல் இன்னும் லீனாகத் தெரியும். பழைய வண்டியை இன்னும் பாசத்தோடு வைத்திருக்கிறவர்களுக்கு மெது வேகத் திணறல் புதுப் புதுக் காரணங்களோடு வரப்போகிறது. நான் பார்த்த இன்சுலேட்டரும் கரித் தகடும் அவர்கள் வண்டியில் காரணமாக இல்லாமல் போகலாம். கேட்கவேண்டிய கேள்வி மட்டும் அதேதான்.

எங்கள் ஊர்ப்பக்கத்து ஷெட்டுகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. புங்க மரத்தடி இடங்களின் வாடகை ஏறிவிட்டது. படித்த பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவதில்லை. வருகிறவர்களுக்குப் பாகத்தை மாற்றக் கற்றுக்கொடுக்கிறார்கள், காரணத்தைத் தேடக் கற்றுக்கொடுக்க நேரம் இல்லை. ஐ.டி.ஐ. வகுப்புகளில் ஸ்கேனர் பயிற்சி கட்டாயம் வேண்டும். அதோடு, ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்ட இந்த மனிதர்களில் ஒருவரையாவது அழைத்து, நல்ல சம்பளம் கொடுத்து, பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைக்க வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன். பள்ளி தாண்டாத ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த அளவு தெளிவாக, ஒரு சந்தேகத்தை எப்படி ஒழுங்காக விலக்குவது என்று எந்த வகுப்பறையும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

உங்கள் வண்டி திணறினால், ஷெட்டுக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். சூடாக இருக்கும்போதா, ஆறியிருக்கும்போதா, எந்த கியர், எவ்வளவு வேகம், மேடா சமதரையா, ஏசி போட்டிருந்தீர்களா இல்லையா, எப்போதெல்லாம் நன்றாக ஓடியது. அந்தத் தாளை வாங்கிப் படிக்காமல் பானட்டைத் திறக்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். நின்று நிதானமாகப் படித்து, இன்னும் இரண்டு கேள்வி கேட்கிறவர் கிடைத்தால், அவர் எந்த மரத்தடியில் இருந்தாலும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அவருடைய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.